ஏற்றுவோர் உளர், பொறுப்போர் யார்?

ஆபத்தான பொருள்களை ஏற்றிச் செல்லும் கம்பனியொன்று, அவ்வேலையை அறிந்து மேற்பார்வை செய்யவல்ல பாதுகாப்பு ஆலோசகர் ஒருவரை எப்பொழுது நியமிக்கவேண்டும்? பார்வைக்கு இது சிறிய கேள்வி. வியாபாரிகளும் உத்தியோகத்தரும் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளவேண்டிய காரியம்போலத் தோன்றுவது. ஆனால், கிணற்று நீரையே குடித்து, அந்நீரையே இறைத்துப் பயிர்செய்து வாழும் வட்டுக்கோட்டை மக்களுக்கும் வலிகாமம் முழுவதிலும் உள்ள மக்களுக்கும் இது பிறர் காரியமன்று. உயிருக்கும் நிலத்துக்கும் காவல் யார் என்பதே இக்கேள்வியின் உள்ளுறை. ஆதலால் இவ்வாரம் இதனை எடுத்துக்கொள்கின்றோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய் வழியாகக் காரைநகர் செல்லும் வீதியில் ஒருநாள் நின்று பார்ப்பவருக்கு நாம் சொல்வது விளங்கும். பெற்றோலும் டீசலும் நிரம்பிய பவுசர்கள் போகின்றன. ஒரு பவுசர் 6,600 லீற்றர் கொள்ளும். 13,200 லீற்றர் கொள்வதும் உண்டு. சமையல் எரிவாயுச் சிலிண்டர்களை அடுக்கிய லொறிகள் போகின்றன. கிருமிநாசினியும் களைநாசினியும் அடங்கிய பெட்டிகள் அரிசி மூட்டைக்கும் மா மூட்டைக்கும் அருகே ஏற்றப்பட்டுப் போகின்றன. மின்கலத்துக்குரிய அமிலம் போகின்றது. கல் உடைக்கும் வெடிமருந்தும் எங்கோ ஒரு வழியாகப் போகத்தான் வேண்டும். இவையாவும் நமக்கு வேண்டியனவே. எரிபொருளின்றி நீர் இறைக்கும் இயந்திரம் ஓடாது. மருந்தின்றி வெங்காயமும் மிளகாயும் நில்லா. இப்பொருள்கள் வரக்கூடாதென்று நாம் கூறவில்லை. வரும் வழியில் ஒன்று கவிழ்ந்தால், கசிந்தால், தீப்பற்றினால், பதில் சொல்லவேண்டியவர் யார் என்று கேட்கின்றோம். சாரதியைக் கேட்டால் முதலாளி என்பார். முதலாளியைக் கேட்டால் ஏற்றியவர் என்பார். ஏற்றியவரைக் கேட்டால் அனுப்பியவர் என்பார். அனுப்பியவர் கொழும்பில் இருப்பார்.

நம் நிலத்தின் இயல்பை விவசாயப் பெருமக்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் கொழும்பில் இருந்து சட்டம் எழுதுவோர் அறிதற்பொருட்டுச் சொல்லவேண்டியுள்ளது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அக்கல்லில் வெடிப்புகளும் குகைகளும் நிறைந்துள்ளன. மாரி மழை அவற்றின் வழியே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராகத் தங்குகின்றது. அதுவே நம் கிணறுகளில் ஊறுவது. மேலே ஊற்றியது விரைவில் கீழே சேரும். கீழே சேர்ந்தது ஒரு கிணற்றோடு நில்லாது. மழைக்காலத்தில் மட்டும் நீர் ஓடும் வழுக்கையாறு, தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கிக் கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக அராலியில் வந்து கடலைச் சேர்கின்றது. மேற்கே இருப்பவர் கிழக்கே நடப்பதைப்பற்றிக் கவலைப்படாதிருக்க முடியாது.

சுன்னாகத்தை எவர் மறந்தார்? மின்நிலையச் சூழலில் இருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்ததும், வாளியில் அள்ளிய நீரில் எண்ணெய் மணத்ததும், தாய்மார் குடங்களுடன் தண்ணீர் பவுசரை எதிர்பார்த்து நின்றதும் நேற்றைய சம்பவங்கள். ஓர் அறிக்கை எண்ணெய் உண்டு என்றது. இன்னோர் அறிக்கை அஞ்சவேண்டியதில்லை என்றது. மக்கள் இரண்டுக்கும் நடுவே நின்றனர். ஈற்றில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலத்தடி நீரை மாசுபடுத்திய தனியார் மின் கம்பனி 2 கோடி ரூபா செலுத்தவேண்டும் என்றும், மாசு செய்தவனே அதன் விலையைக் கொடுக்கவேண்டும் என்பதே நெறி என்றும் அது கூறிற்று. வழக்கு வைத்தவர் நம் மாகாணத்தவரல்லர். சுற்றாடலில் அக்கறைகொண்ட தென்னிலங்கையர் ஒருவர். அவருக்கு நாம் நன்றியுடையோம். ஆனால், நீதிமன்றம் பணத்தைப் பெற்றுத் தரலாம்; கிணற்றைப் பழைய கிணறாக்கித் தர அதனால் இயலாது.

சுன்னாகத்தில் நேர்ந்தது ஏற்றிச் செல்லும்போது நேர்ந்ததன்று என்று சிலர் சொல்லலாம். உண்மை. ஆனால் மின்நிலையத்தில் நின்ற எண்ணெய் வானத்திலிருந்து பொழியவில்லை. அது ஏற்றப்பட்டது, கொணரப்பட்டது, இறக்கப்பட்டது, தாங்கியில் அடைக்கப்பட்டது. இவற்றுள் ஒவ்வொரு படியிலும் கசிவுக்கு இடம் உண்டு. படிதோறும் பார்த்து எழுதிவைக்கும் கடமையுடைய ஒருவர் இருப்பாரேயானால், ஊரார் வாளியில் எண்ணெயைக் காணும் நாளுக்கு முன்பே கம்பனியின் புத்தகத்தில் அது காணப்பட்டிருக்கும்.

நம் இனத்தவர் வாழும் மற்றொரு மாவட்டத்தில் நேர்ந்ததையும் நினைவுகூர்தல் வேண்டும். 2010 செப்டெம்பர் 17 ஆம் நாள் மட்டக்களப்பு மாவட்டத்துக் கரடியனாற்றில், வீதி அமைக்கும் வேலைக்காகக் கொணர்ந்த வெடிமருந்து, பொலிஸ் நிலைய வளவில் கொள்கலன்களில் வைக்கப்பட்டிருந்தபோது வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பொலிஸாரும் பொதுமக்களும், வேலைக்கு வந்திருந்த சீனர் இருவரும் அவர்களுள் அடங்குவர். பொலிஸ் நிலையமே மண்ணோடு மண்ணாயிற்று. எங்கே வைப்பது, எவ்வளவு வைப்பது, எதனோடு எதனைச் சேர்த்து வைக்கலாகாது, ஆட்கள் நடமாடும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் வேண்டும் என்பன வெடிமருந்து கையாள்வோரின் அரிச்சுவடி. காவலுக்குத் துப்பாக்கி ஏந்தியோர் சுற்றி நின்றமையால் வெடிமருந்து அடங்கிக் கிடக்கவில்லை. பொருளின் குணம் காவலுக்கு அஞ்சாது.

கடலிலும் இதுவே கதை. 2021 மே மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் 1,486 கொள்கலன்களுடன் கொழும்பை அணுகியது. அதில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது. அமிலம் கசிவதைக் கப்பலில் இருந்தோர் முன்னரே அறிந்திருந்தனர். கட்டாரிலும் இந்தியாவின் ஹசீராவிலும் அக்கொள்கலனை இறக்க இடம் கிடைக்கவில்லை. மே 20 இல் தீப் பிடித்தது. யூன் 2 இல் கப்பல் அமிழத் தொடங்கிற்று. பிளாஸ்டிக் மணிகள் கரையெங்கும் குவிந்தன. மீனவரின் தொழில் கெட்டது. 2025 யூலையில் உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு கட்டளையிட்டது. அதே ஆண்டு மே மாதத்தில் கேரளக் கரைக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் கப்பல் மூழ்கியது. அதன் 640 கொள்கலன்களில் 13 ஆபத்தான சரக்குடையவை. அவற்றுள் 12 இல் கல்சியம் காபைட்டு இருந்தது. தண்ணீர் பட்டால் எரிவாயுவைக் கக்கும் பொருள் அது. அக்கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் மன்னார் முதலான நம் வடகரைகளிலும் வந்து ஒதுங்கின. கசியும் அமிலம் நாள்கணக்காகத் துறைமுகம் துறைமுகமாக அலைந்தது. அதனை நிறுத்தும் அதிகாரமும் அறிவும் ஒருவரிடத்தே சேர்ந்திருக்கவில்லை. இதுவே நாம் காணும் நோய்.

விவசாயிகளுக்கு இன்னும் அண்மையான பாடம் ஒன்று உண்டு. 1958 இல் கேரளத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் நஞ்சுண்டு மாண்டனர். எவரும் அவர்களுக்கு நஞ்சூட்டவில்லை. பரத்தியன் என்னும் கிருமிநாசினியும் கோதுமை மாவும் ஒரே கப்பலில் அருகருகே ஏற்றப்பட்டன. கிருமிநாசினி ஒழுகி மா மூட்டையில் ஊறியது. அம்மாவில் செய்த உணவை உண்டவர் மாண்டனர். அதன் விளைவாக இந்தியாவில் விசாரணை நடந்து, 1968 இல் பூச்சிகொல்லிகளுக்கான சட்டம் பிறந்தது. இன்று நம் சங்கக் கடைக்கும் சந்தைக்கும் வரும் லொறியில் மருந்துப் பெட்டியின்மேல் மா மூட்டை ஏற்றப்படுமானால், அறுபது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் அறிந்த பாடத்தை நாம் இன்னும் படிக்கவில்லை என்பதே பொருள்.

இந்நாட்டு அரசுக்கு எது ஆபத்தான பொருள் என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குக் கொண்டுசெல்லலாகாத பொருள்களின் பட்டியல் எவ்வளவு நுணுக்கமாக வகுக்கப்பட்டிருந்தது என்பதை நம்மவர் மறக்கவில்லை. பெற்றோலும் டீசலும் ஆபத்து, யூரியா ஆபத்து, சீமெந்து ஆபத்து, கைவிளக்கில் இடும் மின்கலமும் ஆபத்து. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியும், கிளாலிக் கடலில் உயிரைப் பணயம் வைத்துக் கலன்களில் எரிபொருள் கொணர்ந்தும் காலம் கழித்தோம். ஒரு மின்கலத்தை நிறுத்திச் சோதிக்க ஆயிரம் கண்களைக் கண்ட அரசு, இன்று 13,200 லீற்றர் பெற்றோல் குடிமனைகளுக்கு நடுவே செல்லும்போது கம்பனிக்குள் ஒரு கண்ணேனும் வேண்டும் என்று ஏன் விதிக்கவில்லை? அன்றைய பட்டியல் மக்களைக் கண்டு அஞ்சி எழுதியது; மக்களுக்காக அஞ்சி எழுதும் பட்டியலையே இன்று கேட்கின்றோம்.

சட்டமே இல்லை என்று நாம் கூறவில்லை. தொழிற்சாலைகளுக்கு 1942 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. வெடிபொருளுக்கு 1956 ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. கிருமிநாசினிக்கும் சுற்றாடலுக்கும் 1980 ஆம் ஆண்டுச் சட்டங்கள் உண்டு. அனுமதிப்பத்திரங்களும் முத்திரைகளும் பல. ஆனால் இச்சட்டங்கள் யாவும் வெளியிலிருந்து பார்ப்பவை. ஆபத்தான சரக்கை ஏற்றும் கம்பனி, தேர்வெழுதித் தேறிய ஆலோசகர் ஒருவரைத் தன்னகத்தே வைத்திருக்கவேண்டும் என்னும் பொதுவிதி இந்நாட்டில் இல்லை. இக்குறையையே நாம் சுட்டுகின்றோம்.

ஐரோப்பியர் இதனை எவ்வாறு செய்தனர் என்பதை நோக்குவோம். வீதிவழியே ஆபத்தான பொருள்களை ஏற்றிச் செல்வதுபற்றி 1957 இல் ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கை எழுதப்பட்டது. அது 1968 இல் நடைமுறைக்கு வந்தது. பொருள்கள் ஒன்பது வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன: வெடிப்பன, வாயுக்கள், எரியும் திரவங்கள், எரியும் திண்மங்கள், பிறவற்றை எரியச்செய்வன, நஞ்சுகள், கதிர்வீசுவன, அரிப்பன, ஏனையவை. பொருளுக்கு ஓர் எண் உண்டு. பெற்றோலுக்கு 1203, டீசலுக்கு 1202, மண்ணெண்ணெய்க்கு 1223. வாகனத்தின் முன்னும் பின்னும் செம்மஞ்சள் பலகையில் அவ்வெண் எழுதப்படும். வாகனம் கவிழ்ந்து கிடக்கும்போது, சாரதி பேசமுடியாத நிலையில் இருந்தாலும், தீயணைப்போர் தூரத்திலிருந்தே அவ்வெண்ணைப் படித்து, தண்ணீர் அடிப்பதா, நுரை அடிப்பதா, ஊரை விலக்குவதா என்று துணியலாம்.

எழுத்து மட்டும் போதாதென்பதைப் பின்னர் கண்டனர். 1978 யூலை 11 ஆம் நாள் ஸ்பெயினில், கொள்ளத்தக்க அளவுக்கு மேலாகப் புரொப்பிலீன் ஏற்றிய தாங்கி வாகனம் ஒன்று கடற்கரைக் கூடாரமுகாம் அருகே வெடித்து, இருநூறுக்கும் மேற்பட்டோர் எரிந்து மாண்டனர். மிகையாக ஏற்றியது சாரதியின் குற்றமா? ஏற்றும் இடத்தில் அளவு பார்த்து, இவ்வாகனம் புறப்படலாகாது என்று சொல்ல ஒருவர் இல்லாத குற்றமன்றோ அது? 1996 இல் ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாப்பு ஆலோசகர் நியமனத்தைக் கட்டாயமாக்கியது. பின்னர் அது மேற்சொன்ன உடன்படிக்கையிலும் இடம்பெற்றது. இன்று ஏற்றிச் செல்வோர் மட்டுமன்றி, ஏற்றுவோர், பொதிசெய்வோர், தாங்கியை நிரப்புவோர், இறக்குவோர் ஆகியோரும் ஆலோசகரை வைத்திருத்தல் வேண்டும். சரக்கை அனுப்புவதொன்றே செய்து, வேறெதிலும் கைவையாத கம்பனிகளும் 2023 தொடக்கம் இக்கடமைக்கு உட்பட்டன. அனுப்பியவர் தப்பிக்கொள்ளும் வாயிலும் அடைபட்டது.

ஆலோசகர் என்ன செய்வார்? பொருளைச் சரியாக இனங்கண்டு பெயரிடுகின்றனரா என்று பார்ப்பார். வாகனம் வாங்கும்போது அது ஏற்ற வாகனமா என்று சொல்வார். சாரதியும் ஏற்றுவோரும் பயிற்சி பெற்றனரா என்று பதிவு வைப்பார். எதனோடு எதனை ஏற்றலாகாது என்று தடுப்பார். விபத்து நேர்ந்தால் காரணத்தை ஆராய்ந்து அறிக்கை எழுதுவார். ஆண்டுதோறும் கம்பனித் தலைவருக்கு ஓர் அறிக்கை தருவார். அது ஐந்து ஆண்டுகளுக்குப் பேணப்பட்டு, அதிகாரிகள் கேட்டால் காட்டப்படல் வேண்டும். அவருடைய சான்றிதழும் ஐந்து ஆண்டுக்கே செல்லும். மீண்டும் தேர்வெழுதித் தேறவேண்டும். அவர் கம்பனியின் ஊழியராக இருக்கலாம், வெளியாராக இருக்கலாம், முதலாளியே தேர்வெழுதித் தேறி ஆலோசகராகவும் இருக்கலாம். ஒன்றை மட்டும் மறத்தலாகாது: ஆலோசகரை நியமித்தமையால் முதலாளியின் பொறுப்பு நீங்கிவிடுவதில்லை. பழியைச் சுமக்க ஒரு தலையை வாடகைக்கு எடுக்கும் ஏற்பாடன்று இது.

இனி, எப்பொழுது வேண்டும் என்னும் கேள்விக்கு வருவோம். எல்லோருக்கும் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஐரோப்பியரும் அப்படிச் சொல்லவில்லை. சிற்றளவில் ஏற்றுவோருக்கு விலக்களிக்க அங்கே அரசுகளுக்கு அதிகாரம் உண்டு. கலன்களிலும் பீப்பாய்களிலும் ஏற்றும்போது ஒரு வாகனத்துக்குப் பெற்றோல் 333 லீற்றர், டீசல் அல்லது மண்ணெண்ணெய் 1,000 லீற்றர், சமையல் எரிவாயு 333 கிலோகிராம் என்பன அங்கே கொள்ளும் எல்லைகள். நம் வீடுகளில் உள்ள 12.5 கிலோகிராம் சிலிண்டரில் கணக்கிட்டால் 26 சிலிண்டர். பலவகைப் பொருள்களைக் கலந்து ஏற்றினால் அவற்றைக் கூட்டிக் கணக்கிடவேண்டும். தாங்கி வாகனத்துக்கு இச்சலுகை இல்லை. பவுசர் வைத்திருப்பவருக்கு ஆலோசகர் வேண்டியதே. தன் தோட்டத்து இயந்திரத்துக்குக் கலனில் மண்ணெண்ணெய் வாங்கிச் செல்லும் விவசாயியை இவ்விதி தீண்டாது. இரண்டு சிலிண்டரைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடைக்காரரையும் தீண்டாது. இந்த எல்லைகளை அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டுமென்பதில்லை. ஆனால் எல்லை என்று ஒன்று வகுக்கப்படவேண்டும். அது வெளிப்படையாக எழுதப்படவேண்டும். அதற்கு மேற்பட்டவர் எவராயினும், அரச கூட்டுத்தாபனமாயினும் வெளிநாட்டுக் கம்பனியாயினும், விலக்கின்றிக் கட்டுப்படவேண்டும்.

சாரதிக்குப் பயிற்சி கொடுத்தாற் போதாதா என்று கேட்போர் உளர். இந்தியாவில் 1989 ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகள் சாரதிக்குப் பயிற்சியையும் வாகனத்துக்கு அடையாளப் பலகையையும் கட்டாயமாக்கின. அவை நல்ல விதிகளே. ஆயினும் 2012 ஓகஸ்ட் 27 இரவு கேரளத்தில் கண்ணூருக்கு அருகே சாலா என்னும் இடத்தில் எரிவாயுத் தாங்கி வாகனம் வீதி நடுவே இருந்த தடுப்பில் மோதிக் கவிழ்ந்து தீப்பற்றியது. வீதியோரத்து வீடுகளில் இருந்தோருள் ஏறத்தாழ இருபது பேர் மாண்டனர். எவ்வழியால் செல்வது, எந்நேரத்தில் செல்வது, எவ்வளவு நேரம் உறங்காது ஓட்டலாம் என்பவற்றைச் சாரதி தீர்மானிப்பதில்லை. அவருக்குக் கட்டளையிடுவோர் தீர்மானிக்கின்றனர். அக்கட்டளையிடும் மேசையின் அருகே, இது கூடாது என்று சொல்லும் உரிமையுடைய ஒருவர் அமரவேண்டும். சாரதியின் பயிற்சி அவருடைய கைக்கு உதவும். மேலிடத்தின் பேராசைக்கு அது மருந்தாகாது.

செலவு அதிகமாகும், அச்செலவு பொருளின் விலையில் ஏறும் என்பது அடுத்த மறுப்பு. இது நியாயமான அச்சம். எரிபொருளுக்கும் பசளைக்கும் 2022 இல் வரிசையில் நின்று வாடிய விவசாயி, இன்னொரு விலையேற்றத்தைத் தாங்கமாட்டார். ஆனால் ஒவ்வொரு சிறு வியாபாரியும் தனித்தனி ஆலோசகரைச் சம்பளத்துக்கு அமர்த்தவேண்டியதில்லை. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் சில சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். ஒரு பிரதேசத்து எரிபொருள் நிரப்பு நிலையங்கள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அச்செலவைப் பல்லாயிரம் லீற்றரில் பகிர்ந்தால் எவ்வளவு என்று கணக்கிடுவோர் கணக்கிட்டுப் பார்க்கட்டும். சுன்னாகத்துக் குடும்பங்கள் தண்ணீருக்காகச் சுமந்த செலவையும் அதே ஏட்டில் மறுபக்கத்தில் எழுதட்டும்.

மூன்றாவது அச்சம், இதுவும் கையூட்டுக்கு ஒரு புதிய வாயிலாகும் என்பது. அனுமதிப்பத்திரம் என்றால் எவ்வாறு கிடைக்கும் என்பதை அறிந்த மக்களின் அச்சம் இது, இகழ்ந்து தள்ளத்தக்கதன்று. அதற்கு மருந்து வெளிப்படைத்தன்மையே. ஆலோசகரின் ஆண்டறிக்கையின் ஒரு பிரதி கம்பனியின் பெட்டகத்தில் உறங்காது, அப்பிரதேச சபையிலும் வைக்கப்படவேண்டும். வலிகாமம் மேற்குப் பிரதேச சபைக்குச் சென்று எந்தக் குடிமகனும் அதைக் கேட்டு வாசிக்கக்கூடியதாக இருத்தல் வேண்டும். உண்மையை எழுதியமைக்காக ஆலோசகரை வேலையினின்று நீக்குதல் குற்றமாக்கப்படவேண்டும். முதலாளியின் உப்பைத் தின்று முதலாளியின் குறையை எழுதுபவருக்குச் சட்டத்தின் துணை இல்லையேல், அவர் எழுதுவது வாழ்த்துரையாகவே முடியும்.

மொழியைப்பற்றியும் சொல்லாதிருக்க முடியாது. தேர்வு தமிழில் நடத்தப்படவேண்டும். சாரதியின் கையில் கொடுக்கப்படும் அவசரகாலக் குறிப்பு தமிழிலும் சிங்களத்திலும் இருத்தல் வேண்டும். தீப்பற்றிய வாகனத்தின் அருகே நின்றுகொண்டு மொழிபெயர்ப்பாளரைத் தேடமுடியாது. இரசாயனத்தைத் தமிழில் சொல்லமுடியாது என்று எவரேனும் கூறுவராயின், அவர் வட்டுக்கோட்டையின் சரித்திரம் அறியாதவர். 1823 இல் இங்கே செமினரி தொடங்கியது. 1847 இல் இங்கு வந்து, பின்னர் மானிப்பாயில் மருத்துவமனை நடத்திய மருத்துவர் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். இரசாயன நூலையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழில் வெளிவரச் செய்தார். அன்று முடிந்தது இன்று முடியாதா? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனமும் பொறியியலும் கற்று வெளியேறி, வேலையின்றி விமானம் ஏறும் நம் இளைஞருக்கு, இஃது ஊரிலேயே உயர்ந்த ஒரு தொழிலாகவும் அமையும்.

இப்பொழுதே இதனைப் பேசவேண்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களில் கைத்தொழில் வலயங்கள் அமையும் என்று அரசு அறிவித்துள்ளது. போருக்கு முன் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை இயங்கியது. ஆனையிறவு உப்பிலிருந்து அங்கே காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தனர். அத்தகைய தொழில்கள் மீண்டும் வரவேண்டும் என்பதே நம் விருப்பம். வேலை வேண்டும், தொழில் வேண்டும். ஆனால் தொழிற்சாலை வந்தபின் விதி எழுதுவோம் என்றிருத்தல், வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதை ஒக்கும். குளோரின் ஏற்றிய முதல் லொறி புறப்படுமுன் அதன் ஆலோசகர் புறப்படும் இடத்தில் நிற்கவேண்டும்.

நம் மக்களுக்கும் ஒரு சொல். எல்லாக் குற்றமும் பிறர்மேல் என்று நாம் எழுதினால் அது நேர்மையாகாது. நம் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதற்கு நாமே அளவின்றி இட்ட பசளையும் காரணம் என்பதை ஆராய்ச்சியாளர் பன்முறை எடுத்துரைத்துள்ளனர். மருந்துக் கலனைக் கிணற்றடியில் கழுவுவோர் இன்னும் உளர். பவுசர் கவிழ்ந்தால் வாளியுடன் ஓடும் ஆசையும் கொடியது. 2017 யூன் மாதத்தில் பாகிஸ்தானில் கவிழ்ந்த தாங்கியிலிருந்து ஒழுகிய பெற்றோலை அள்ளக் கூடியவருள் இருநூறுக்கும் மேற்பட்டோர் ஒரே தீயில் எரிந்தனர். பெற்றோலின் ஆவி காற்றிலும் பாரமானது; நிலத்தோடு ஊர்ந்து தூரத்து நெருப்பையும் தேடிச் செல்லும். கவிழ்ந்த பவுசரை விட்டு விலகி, காற்று வரும் திசைக்குச் சென்று, பிறரையும் விலக்கவேண்டும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கவேண்டும்.

அரசின்முன் நாம் வைக்கும் கோரிக்கைகள் தெளிவானவை. ஆபத்தான பொருள்களை ஏற்றிச் செல்வதற்கு ஒரே பொதுச்சட்டம் இயற்றப்படுக. அதில் அளவெல்லை வகுத்து, அதற்கு மேற்பட்ட கம்பனி ஒவ்வொன்றும் தேர்ந்த ஆலோசகரை நியமித்தல் கட்டாயமாக்கப்படுக. அனுப்புவோரும் ஏற்றுவோரும் கொண்டுசெல்வோரும் இறக்குவோரும் சமமாகக் கட்டுப்படுக. ஜெனீவா உடன்படிக்கையின் பெயரிலிருந்து ஐரோப்பா என்னும் சொல் 2021 தொடக்கம் நீக்கப்பட்டுவிட்டது. எல்லா நாடுகளும் சேரலாம் என்பதே அதன் குறிப்பு. இலங்கையும் அதிற் சேர்வதை ஆராய்க. அதுவரை காத்திராது நம் பிரதேச சபைகள் தீர்மானம் நிறைவேற்றி, பாடசாலை, சந்தை, குடிநீர்க் கிணறு ஆகியவற்றுக்கு அருகே எவ்வழியால் எந்நேரத்தில் பவுசர்கள் செல்லலாம் என்பதைப் பொலிஸாருடனும் வீதி அதிகாரிகளுடனும் கலந்து வகுக்கத் தொடங்குக. 2018 இல் காலம் முடிந்த வட மாகாண சபைக்குத் தேர்தலை நடத்தாது இழுத்தடித்ததனால், இத்தகைய காரியங்களை நம் மண்ணின் இயல்பறிந்து ஆராயவேண்டிய மன்று வெறுமையாயிற்று என்பதையும் இவ்விடத்து நினைவூட்டுகின்றோம். தம் நீரைத் தாமே காக்கும் அதிகாரம் இல்லாத மக்களின் சுயாட்சிபற்றிப் பேசுவது வீண்.

ஆலோசகர் எப்பொழுது வேண்டும்? ஆபத்தான பொருள் ஒருவருடைய சொந்தத் தேவையின் அளவைக் கடந்து, இலாபத்துக்காகப் பிறர் வீட்டு வாயிலைக் கடந்து செல்லத் தொடங்கும் அன்றே வேண்டும். விபத்து நேர்ந்த பின் விசாரணைக் குழு நியமிப்பதில் இந்நாடு சளைத்ததில்லை. விபத்துக்கு முன் ஒரே ஒருவரை நியமிக்கட்டும். அதனையே கேட்கின்றோம், கிடைக்கும்வரை கேட்போம்.